பன்னிரண்டு நாளில் காய்ந்த பலகை

சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஒரு வண்டிப் பலகையோடு என் பட்டறைக்கு வந்தார். எல்லாம் கனமான வன்மரம். வீட்டுக்குப் பின்னால் தானே ஒரு சூரிய உலர்த்தி, அதாவது வெயில் சூட்டில் மரம் காயவைக்கும் அறை, கட்டி, பன்னிரண்டே நாளில் காயவைத்ததாகப் பெருமையோடு சொன்னார். மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. மேசைக்கு வேண்டிய நீளத்துக்கு முதல் பலகையை அறுத்தேன், அறுத்த முகத்தில் தேன்கூடு மாதிரி வரிசையாகப் பிளவுகள். அடுத்த பலகையிலும் அதேதான். அத்தனை வருடம் நின்று வளர்ந்த மரம் இப்படி உள்ளுக்குள்ளேயே கிழிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உலர்த்தியை அடுப்பு என்று நினைத்துக் கட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது. சூடு ஏற ஏற நல்லது, சீக்கிரம் காய்ந்தால் லாபம் என்று நினைக்கிறோம். ஆனால் பலகை வெளியிலிருந்து உள்நோக்கித்தான் காயும். பச்சை மரத்தில் முதலில் வெளியேறுவது நார்களின் உள்ளறைகளில் தேங்கிய தண்ணீர், அதுவரை மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரே வற்றிச் சுருங்க ஆரம்பிக்கும். மேல்தோல் அந்த நிலைக்கு வந்து இறுகும்போது உள்ளே இன்னும் சொதசொதவென்று இருந்தால், மேல்தோல் இழுபட்டு வெடிக்கும். வெடிக்காமல் தாக்குப்பிடித்து அப்படியே இறுகிவிட்டால் இன்னும் மோசம். பிறகு உள்பகுதி சுருங்கப் பார்க்கும்போது வெளிக்கூடு விடாது, கிழிவது உள்ளே. அவருடைய பலகைகளுக்கு நடந்தது அதுதான்.

அதனால் கூரையின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். பலரும் பின்பற்றும் கணக்கு இது: 1 அங்குலக் கனமுள்ள பலகைகளைப் பரப்பினால் 100 சதுர அடி வரும் என்றால், வெயில் புகும் கூரை 10 சதுர அடி போதும். கூரை இதைவிடப் பெரிதானால் சூடு மரத்தை முந்திக்கொள்ளும். இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: உலர்த்தியைப் பாதி காலியாக ஓட்டாதீர்கள். மரம் குறைந்தால் உள்ளே வெளியாகும் ஈரமும் குறையும், காற்று வறண்டு, இருக்கும் கொஞ்சப் பலகையைப் படுத்திவிடும். பாதி சரக்குதான் இருக்கிறதா, கூரையில் பாதியை மூடுங்கள்.

மற்றக் கட்டுமானம் கஷ்டமில்லை. கூரை நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், சாய்வு உங்கள் ஊரின் அகலாங்குக்குக் கிட்டத்தட்ட இருந்தால் போதும். கூரைக்குப் பாலிகார்பனேட் தகடு, அதற்குக் கீழே கறுப்புப் பூசிய தகடு, அதன் மேல் வழியாகக் காற்றை இழுத்து அடுக்கின் ஊடே தள்ள மின்விசிறிகள். காற்று அடுக்கைச் சுற்றி ஓடிவிடாமல் பக்கங்களில் திரை கட்டுங்கள். சுவர், தரை, கதவு மூன்றிலும் வெப்பக்காப்பு வேண்டும். விசிறியும் வயரும் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டில் கழற்றிப் போட்ட பழைய விசிறியை மாட்டித் தீ விபத்துக்கு வழி செய்யாதீர்கள்.

அடுக்கும்போது பலகைகளுக்கு இடையில் முக்கால் அங்குலத்திலிருந்து 1 அங்குலம் வரை கனமுள்ள காய்ந்த ரீப்பர்கள், 16 முதல் 24 அங்குல இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வரட்டும். ஒன்று தப்பினாலும் அந்த இடத்தில் பலகை வளையும். உச்சியில் பாரம் ஏற்றுங்கள். பலகையின் இரண்டு முனைகளிலும் அறுத்த அன்றே மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசியிருக்க வேண்டும், ஏனென்றால் முனை வழியாக ஈரம் மிக வேகமாக ஓடும். விரிசல் விழுந்த பிறகு பூசிப் பயனில்லை.

அப்புறம் காற்றுத் துவாரங்கள். உலர்த்தியின் கடிவாளமே அதுதான். ஈரக்காற்று உள்ளே தங்கினால்தான் மேல்தோல் அவசரப்படாது, அதனால் வன்மரத்துக்கு முதல் நாட்களில் துவாரத்தைக் கொஞ்சமாகத் திறந்து, மரம் காயக் காயக் கூட்டுங்கள். எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும். ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 120 கிராம் 80 ஆனால், போன 40 கிராம் தண்ணீர் காய்ந்த மரத்தின் எடையில் பாதி, அதாவது ஈரம் 50 சதவீதம். அப்படியென்றால் அதே மரத்தின் 6 கிலோ மாதிரிப் பலகையில் மரம் 4 கிலோ, தண்ணீர் 2 கிலோ. அது 4.4 கிலோவுக்கு இறங்கும்போது ஈரம் 10 சதவீதம். அந்தப் பலகையை அடுக்கில் எளிதாக உருவும்படி வைத்து நாள்தோறும் எடை போடுங்கள். சிவப்பு ஓக் மாதிரியான மரத்தில் 1 அங்குலப் பலகைக்கு ஒரு நாளில் ஈரம் 3.8 சதவீதம் இறங்குவதுதான் பாதுகாப்பான எல்லை, 2 அங்குலமானால் சுமார் 1.5 தான். தாண்டினால் உடனே துவாரத்தைக் குறையுங்கள். பைன் மாதிரி மென்மரம் இதைவிட வேகத்தைத் தாங்கும்.

இரவில் விசிறியை நிறுத்திவிடுங்கள், விசிறி ஓடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெயில் இறங்கியதும் உள்ளே சூடு குறைந்து ஈரப்பதம் ஏறும், மேல்தோல் கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப வாங்கி இளகும், பகலில் ஏறிய இறுக்கம் தளரும். எனக்குச் சூரிய உலர்த்தி மேல் இவ்வளவு நம்பிக்கை இருப்பதே இந்த இரவு ஓய்வால்தான்.

அந்த நண்பர் இப்போது இரண்டாவது அடுக்கு வைத்திருக்கிறார். ஐந்தாவது வாரம் ஓடுகிறது, தராசு இன்னும் 14 சதவீதம்தான் காட்டுகிறதாம். எடுத்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டார், இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள் என்றேன்.