ஆல்பம்: சொல்லும் பொருளும், அதற்கான தமிழும்

டிசம்பர் பிறந்ததும் அக்கா மகன் கேட்டான், "மாமா, இந்த வருஷம் வந்ததுல உங்களுக்குப் பிடிச்ச ஆல்பம் எல்லாம் எழுதி அனுப்புங்க, சினிமா வேண்டாம்." நானும் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ராப், நாட்டுப்புறம், கிதாரும் வயலினும் மட்டும் வைத்துச் செய்தது என்று வகைக்கு ஒன்றாக ஆறு எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அவன் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பாட்டு! இதற்கிடையில் எங்கள் பேச்சில் ஆல்பம் என்ற சொல் காதில் விழுந்ததும், ஆச்சி பீரோ சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார், கல்யாண ஆல்பத்தைத்தான் கேட்கிறோம் என்று நினைத்து.

ஒரே வீட்டில் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள். இதில் யார் சொன்னதும் தப்பில்லை, அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமாபுரியில் பொது அறிவிப்புகளை எழுதிவைக்கும் வெள்ளை பூசிய பலகைக்கு 'ஆல்பும்' என்று பெயர். மூத்திரப் பரிசோதனையில் பார்க்கிற ஆல்புமினும் அதே வேரில் வந்ததுதான், முட்டையின் வெள்ளைக்கருவுக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள், நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கி வைக்கும் வெற்றுத்தாள் நோட்டை ஆல்பம் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறபோது நாம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தபால்தலை, புகைப்படம் என்று ஒட்டிச் சேர்க்கிற ஏடு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போயிற்று. ஆச்சியின் ஆல்பம் இந்த வரிசையில் வருவது.

இசைக்குள் இந்தச் சொல் நுழைந்தது தட்டுகளின் வழியாக. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசையைப் பதிய வேண்டுமென்றால் நான்கைந்து தட்டு வேண்டும், அவற்றைப் புகைப்பட ஏடு போலவே அட்டை கட்டி, பக்கத்துக்கு ஓர் உறையாக வைத்து விற்றார்கள். பார்க்க ஆல்பம் மாதிரியே இருந்ததால் பெயரும் அதுவே. 1948இல் கொலம்பியா நிறுவனம், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. ஏடு போய் ஒரே தட்டு ஆயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக இசையில் ஆல்பம் என்றாலே பலவற்றைச் சேர்த்து வைத்தது என்றுதான் பொருள்.

நம்மிடம் மட்டும் ஏன் ஒற்றைப் பாட்டு ஆல்பம் ஆனது? நான் கண்டவரையில், இங்கே பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. கேசட் காலத்தில் படத்தில் வராத பாட்டுகள் 'ஆல்பம்' என்று தனியாக வந்தன. நெல்லைப் பக்கம் கிறிஸ்தவப் பாடல் கேசட்டுகள் வால்யூம் 1, வால்யூம் 2 என்று வீட்டுக்கு வீடு இருக்கும், கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு கேசட்டு ஓடும். படத்தில் இல்லாதது என்ற அந்த ஒரு குணம்தான் சொல்லில் ஒட்டியது, பல பாட்டு என்பது உதிர்ந்துவிட்டது. பிறகு யூடியூபில் ஒரே பாட்டாக வெளியிட ஆரம்பித்தபோதும் அது 'ஆல்பம் பாட்டு' ஆகவே இருந்தது. மருமகன் வளர்ந்தது அந்தக் காலத்தில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் 'இசைத்தொகுப்பு' என்று எழுதுகிறார்கள். மோசமில்லை. ஆனால் பழைய ஹிட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததையும் தொகுப்பு என்கிறோம், ஒரு பாடகர் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து உருவாக்கியதையும் தொகுப்பு என்கிறோம். ஜங்ஷனில் கேசட் பதிந்து தரும் கடையில் துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொடுத்து, அறுபது நிமிட நாடாவில் நாம் நிரப்பி வாங்கியதும், ஒரு கலைஞரின் உழைப்பும் ஒன்றாகுமா? எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம் தனியே நின்று பொருள் முடிகிற ஒற்றைச் செய்யுள். தொகைநிலை பல செய்யுளைக் கூட்டியது. தொகை என்றால் பலர் பாடியதைச் சேர்ப்பதுதானே, எட்டுத்தொகை அப்படித்தானே என்று கேட்கலாம். தண்டியில் ஒருவர் சொன்னதும் தொகை, பலர் சொன்னதும் தொகை. ஒருவர் சொன்னதற்கு உரையில் காட்டும் எடுத்துக்காட்டே திருக்குறள். பொருளால், இடத்தால், காலத்தால், பாட்டின் அளவால் சேர்த்தாலும் தொகை. காலத்துக்கு, மழைக்காலத்தைப் பாடும் கார் நாற்பது, அளவுக்குக் குறுந்தொகை. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் மழையைப் பற்றியே பாடிய ஓர் ஆல்பத்தை அந்த வாரம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் முடிவு: ஆல்பத்துக்கு இசைத்தொகை. ஒற்றையாக வெளியிடுவது தனிப்பாடல். பிறர் பொறுக்கிச் சேர்த்தது திரட்டு. தனிப்பாடல் திரட்டு என்று நம்மிடம் நூலே இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நான்கைந்து பாட்டு மட்டும் உள்ள சிறு வெளியீட்டைக் குளகம் எனலாமா என்று பார்த்தேன், பொருந்தவில்லை. பல பாட்டு ஒரே வினைகொண்டு முடிவது குளகம், இது அப்படி இல்லை. சிறுதொகை போதும்.

மருமகன் விடவில்லை. "அப்போ வில்லுப்பாட்டு எதுல வரும் மாமா?" நல்ல கேள்வி. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில் வாழி என்று ஒரு ராத்திரி முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகும் அது. முத்துப்பட்டன் கதையில் நடுப்பாட்டை உருவி முன்னால் போட முடியாது. அது தொடர்நிலை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கதையைச் சொல்லும் இசைத்தொகைகள் இப்போது வருகின்றனவே, அவற்றுக்கும் தொடர்நிலை இசைத்தொகை என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்று, 'இண்டி'. மேல்நாட்டில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல் வெளியிடுவது இண்டி. இங்கே சினிமாவைச் சாராதது எல்லாம் இண்டி. பெரிய நிறுவனம் காசு போட்டு எடுத்த ஒற்றைப் பாட்டுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். சுயாதீன இசை என்று எழுதுவது வாயில் நுழையவில்லை. தனியிசை சுருக்கமாக இருக்கிறது, புழக்கத்திலும் வந்துவிட்டது, சினிமா சாராத எல்லாவற்றுக்கும் அதை வைத்துக்கொள்வோம். கைக்காசு போட்டு, தானே பதிந்து, தானே வெளியிடுகிறவர்களின் இசையைத் தற்சார்பு இசை என்று பிரித்துச் சொன்னால் அவர்கள் பட்ட பாடும் சொல்லில் தெரியும். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல்தான் தற்சார்பு.

பட்டியலைத் திருத்தி எழுதினேன். 'இந்த ஆண்டின் தனியிசைத் தொகைகள்' என்று என் ஆறும், 'தனிப்பாடல்கள்' என்று அவனுடைய பன்னிரண்டும். அவனுடையதில் நான்கு எனக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆச்சி எடுத்து வந்த ஆல்பத்துக்கு ஆல்பம் என்ற பெயரே இருக்கட்டும், அதில் அம்மா கல்யாணத்துக்கு வந்த நாகஸ்வரக் குழு ஒரு பக்கம் முழுக்க நிற்கிறது.