பெடிகிரி: நாரைக்காலும் கொடிவழியும்

பெடிகிரி என்றதும் நமக்கு நாய்தான் நினைவுக்கு வரும். கலப்பில்லாத இனம், அதற்கொரு சான்றிதழ். ஆனால் இந்தச் சொல் மனிதர்களின் குடும்பப் பட்டியலில் பிறந்தது. பழைய பிரெஞ்சில் 'பியே தெ க்ரூ' என்றால் நாரையின் கால். தகப்பன் பெயரிலிருந்து பிள்ளைகளுக்குக் கிளை பிரிக்கும் கோடு மூன்று விரல் விரித்த நாரைக்கால் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இந்தப் பட்டியலை உயிராகக் காத்தவர்கள் பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸ்காரர்கள். வெறும் பெருமைக்காக அல்ல. அவர்களின் பழைய சட்டப்படி நிலம் மகன்களுக்குள் சமமாகப் பிரியும். கொலைக்கு ஈடான 'கலானஸ்' பணத்தை உறவுக்காரர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். உறவுமுறை தெரியாமல் இதெல்லாம் நடக்குமா?

குடும்பப் பெயர் அப்போது வழக்கத்தில் இல்லை. மகன் என்று பொருள்படும் 'ஆப்' போட்டுத் தகப்பன் பெயர்களை அடுக்குவார்கள். இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச வம்சத்தின் முன்னோரான ஓவைனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓவைன், மரெதித், டிதிர், கொரோன்வி, டிதிர், கொரோன்வி, எட்னவெட் வஹன். டிதிர்–கொரோன்வி ஜோடி இரண்டு முறை வருகிறது. படியெடுப்பவர் கண் ஒரு வரி தவறினால் இரண்டு தலைமுறை காலி! எட்னவெட் இறந்தது 1246, ஓவைன் இறந்தது 1461. இடையில் 215 ஆண்டு. ஆறு தலைமுறை என்றால் பொருந்துகிறது, நாலு என்றால் இடிக்கிறது. சந்தேகமான பட்டியலை உரசிப் பார்க்க இந்தத் தலைமுறைக் கணக்குதான் முதல் கல்.

மேலே போகப் போக நம்பிக்கை குறையும். 1100 வாக்கில் எழுதப்பட்ட ஹார்லியன் ஏடு, வேறொரு ஓவைனான வேல்ஸ் அரசன் ஓவைன் ஆப் ஹவெலின் முன்னோரைக் கன்னி மரியாளின் உறவுப்பெண் அன்னா வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. அது வரலாறு அல்ல, அரண்மனை ஆசை.

சரி, தமிழில் என்ன சொல்வது? வம்சாவளி வடசொல், ஆனால் எல்லோருக்கும் புரியும். கால்வழி காதுக்கு நாரைக்காலை நினைவூட்டினாலும், அது ஒருவருக்குப் பின்வரும் சந்ததியைத்தான் குறிக்கும். மேல்நோக்கித் தேடுவதற்குக் கொடிவழியே பொருத்தம். எழுதி வைத்த ஆவணத்தைக் கொடிவழிப் பட்டியல் என்று பிரித்துச் சொல்வது இன்னும் நல்லது. பட்டியலில் இருப்பவரெல்லாம் கொடிவழியில் இருந்தாக வேண்டும் என்பதில்லையே.