ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பிப் பார்த்தீர்களா?

பைக்கில் ஹேண்டில்பார் மாற்றிய பிறகு பட்டறைக்கு வருகிறவர்கள் ஹேண்டில்பாரைக் குறை சொல்வதில்லை. கிளட்ச் நழுவுகிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது, வண்டியை வளைத்துத் திருப்பும்போது இன்ஜின் தானாக ரேஸ் ஆகிறது என்பார்கள். எப்போதிருந்து என்று கேட்டால்தான் புது ஹேண்டில்பாரின் கதை வெளியே வரும். இவற்றில் கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தானது. மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென முன்னால் பாய்ந்தால் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

காரணம், ஹேண்டில்பாரிலிருந்து கிளட்சுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் போகும் கேபிள்கள். கேபிள் என்பது உள்ளே நகரும் ஒரு கம்பியும் அதைத் தாங்கும் ஓர் உறையும்தான். உறையின் இரு முனைகளும் தம் இடத்தில் அசையாமல் அமர்ந்திருந்தால் மட்டுமே, நம் கை இழுக்கும் அளவு மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேரும். ஹேண்டில்பார் உயரமாகவோ அகலமாகவோ ஆகும்போது பழைய கேபிளின் நீளம் போதாமல் போகிறது. நேராக நிற்கும்போது இது தெரியாது. ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது உறை இழுபட்டு, முனை தன் குழியிலிருந்து வெளியே வரும். அப்போது யாரும் திருகாமலேயே உள்கம்பி ஆக்சிலரேட்டரைத் திறந்துவிடுகிறது.

இங்கேதான் பலர் அட்ஜஸ்டரை, அதாவது கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, தேடுகிறார்கள். அதை முழுவதும் உள்ளே திருகினால் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், நேராக நிற்கும் வண்டியில் எல்லாம் சரியாக இருப்பது போலவும் தோன்றும். ஆனால் அட்ஜஸ்டர் இருப்பது கம்பி நீள்வதையும் கிளட்ச் தட்டு தேய்வதையும் சரிக்கட்டத்தான். இல்லாத நீளத்தை அதனால் கொடுக்க முடியாது. கேபிள் எட்டவில்லை என்றால் நீளமான கேபிள் வாங்க வேண்டும், அல்லது அந்த ஹேண்டில்பாரை விட்டுவிட வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. உள்கம்பியை வெட்டி ஒட்டுப்போடுவதை நான் வழி என்றே கருதுவதில்லை.

எவ்வளவு நீளம் தேவை என்பதை ஒரு கயிற்றால் அளந்துவிடலாம். கேபிள் போக வேண்டிய பாதையிலேயே கயிற்றை விட்டு, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினால் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும்.

தாழ்வான ஹேண்டில்பாரில் சிக்கல் வேறு. நீளம் மிஞ்சினால் ப்ளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லிவரோ கைப்பிடியோ சும்மா அசையும் இடைவெளி, பெரிதாக மாறாது. வளைவுதான் கூடும். வளைவு கூடினால் உராய்வும் கூடி, லிவர் கனக்கும், ஆக்சிலரேட்டர் திரும்பி மூடத் தயங்கும். மிஞ்சிய கேபிள் டேங்க்குக்கும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே நசுங்கும், அல்லது சைலன்சர் குழாயில் உரசி உறை உருகும். ஆகவே முதல் வேலை பாதைதான். பழைய கேபிள் எந்தக் கொக்கி வழியாக, ஃபோர்க்கின் எந்தப் பக்கமாகப் போனது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பாதை சரியான பிறகே ஸ்பேனரைத் தொடலாம்.

ஆக்சிலரேட்டர் கைப்பிடியின் உள்விளிம்பில் அளந்தால், பல வண்டிகளில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை ப்ளே இருக்கச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு கேபிள்கள் இருந்தால், மூடும் கேபிளின் தளர்வை முதலில் நீக்கிவிட்டுத் திறக்கும் கேபிளில் ப்ளேயை அமைப்பது பல மாடல்களின் வழக்கம். பிறகு இன்ஜினை அணைத்த நிலையில் நேராக, இடப்பக்கம் முழுதாக, வலப்பக்கம் முழுதாக என மூன்று நிலைகளிலும் கைப்பிடியைத் திருகி விடுங்கள். மூன்றிலும் அது தானாகச் சட்டென்று மூட வேண்டும். அடுத்து, காற்றோட்டமான இடத்தில், நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஐடிலிங் சத்தம் சற்றே ஏறினாலும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

சில சமயம் கேபிள் குற்றமற்றதாக இருக்கும். கைப்பிடி, ஹேண்டில்பார் முனையில் உள்ள எடையில் உரசிக்கொண்டு மூடாமல் நிற்கும். இன்னொன்று, சுவிட்சுப் பெட்டியின் உட்பக்கம் ஒரு சிறு முளை இருக்கும். புது ஹேண்டில்பாரில் அதற்கான துளை இல்லாவிட்டால் முளையைச் சீவிவிடுகிறார்கள். பிறகு பெட்டியே சுழலும், கேபிளையும் சேர்த்து இழுக்கும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் துளையிடுவதே முறை.

கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ப்ளே இருப்பது பொதுவானது. ப்ளேயே இல்லாவிட்டால் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, சூடேறிக் கருகும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் முரண்டும். லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை நடுவில் வைத்துக்கொண்டு, இன்ஜின் பக்கத்தில் பெரிய அளவைச் சரிசெய்தால் பின்னாளில் சிறு திருத்தங்களுக்கு இடம் மிஞ்சும். அட்ஜஸ்டரிலும், அது நகராமல் பிடிக்கும் லாக் நட்டிலும் உள்ள வெட்டுகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டாம். அந்த வழியே கேபிள் நழுவி வெளியே வந்துவிடும்.

முன் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். ஃபோர்க் ஏறி இறங்குகிறது என்பதால், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில் இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். டிரம் பிரேக் கேபிளாக இருந்தாலும் டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் போகும் ஹோஸாக இருந்தாலும் இதே சோதனைதான். ஹோஸ் விறைத்தால் நீளமானதை மாற்றி, இணைப்புகளில் புது வாஷர் போட்டு, காற்றை வெளியேற்ற வேண்டும். சுவிட்சு ஒயர்களையும் அதே கையோடு பாருங்கள். ஒயர் இழுபட்டு அறுந்து பிரேக் விளக்கு எரியாமல் போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்.

கழற்றிய கேபிளின் முனையில் ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் அதை மறுபடி மாட்ட வேண்டாம். புதுக் கேபிளாக இருந்தால், சில நாள் ஓட்டத்தில் உறை படிந்து ப்ளே சற்று மாறும். அப்போது மீண்டும் அளந்து, லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.