ஆபா எண்: ஓடிபி சொல்வதற்கு முன்

பல மருத்துவமனைகளில் ஓபி சீட்டு போடும் இடத்தில் இதுதான் நடக்கிறது. "ஆதார் இருக்கா? போன்ல ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க." பின்னால் வரிசை நீண்டு நிற்கிறது, தோளில் காய்ச்சலோடு குழந்தை. எதற்கு என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஆறு இலக்கத்தைச் சொன்னதும் உங்கள் பெயரில் 14 இலக்க எண் ஒன்று உருவாகிவிடுகிறது. அதுதான் ஆபா எண்.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் அடிப்படை இந்த எண். 2020 ஆகஸ்டில் புதுச்சேரி உள்ளிட்ட 6 ஒன்றியப் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்க விரிவாக்கினார்கள். நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். வெவ்வேறு மருத்துவமனைகளிலும் லேப்களிலும் சிதறிக் கிடக்கும் உங்கள் மருத்துவப் பதிவுகளை ஒரே எண்ணில் கோப்பதுதான் நோக்கம்.

இது காப்பீடு அல்ல. 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டை வேறு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு. ஆபா எண் எடுத்ததால் சிகிச்சைச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

கட்டாயமா? இல்லை. திட்டத்தின் தரவுக் கொள்கை 2020 டிசம்பரில் வந்தது. சேருவது அவரவர் விருப்பம், எண் இல்லை என்பதற்காக சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது அதிலேயே உண்டு. ஆனால் கொரோனா தடுப்பூசிக்கு கோவின் தளத்தில் ஆதார் கொடுத்த பலர், சான்றிதழில் ஒரு சுகாதார அடையாள எண்ணும் அச்சாகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதையே அறிந்தார்கள். ஊசி போட வந்தவரிடம் இன்னொன்றுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்குவது சரியான வழி இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, பதிவுகள் எங்கே இருக்கின்றன? டெல்லியில் ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை. எழுதிய மருத்துவமனையிலேயே, எடுத்த லேபிலேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆபா செயலிக்கு ஒரு கோரிக்கை வரும். உங்கள் கையில் உள்ள உண்மையான பூட்டு அந்தத் திரைதான், அதனால் அதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். கோரிக்கையில் மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கலாம், கடந்த பல ஆண்டுகளுக்கும் சேர்த்து. நாலு வருடம் முன்பு மனநல மருத்துவரைப் பார்த்த சீட்டும் இணைத்த பதிவுகளில் இருந்தால், அதுவும் அந்த வலைக்குள் வந்துவிடும். கோரிக்கையைத் திருத்த வழி இருக்கிறது: எந்த மருத்துவமனையின் பதிவு, எந்த வகை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அனுமதி எப்போது முடிய வேண்டும் என்பதையெல்லாம் மாற்றலாம். வலிக்கு எடுத்த எக்ஸ்ரே மட்டும் போதுமென்றால் அதை மட்டும் கொடுங்கள். கொடுத்த அனுமதியைப் பிறகு ரத்து செய்யவும் முடியும். ஆனால் டாக்டர் ஏற்கெனவே பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாது.

ஓபி வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் எடுப்பது வேறு விஷயம். அதில் பெயர், வயது, முகவரி போன்ற விவரங்கள்தான் போகும், நோய்க் குறிப்பு போகாது.

பதிவுகள் அந்தந்த மருத்துவமனையில் இருப்பதால், அந்தந்த மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்புதான் உங்களுக்கும் பாதுகாப்பு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, அவ்வளவு பெரிய நிறுவனமே நாள்கணக்கில் கையால் எழுதி வேலை பார்த்தது.

சட்டம்? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2019 மசோதாவில் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் தரவு என்று பிரித்து வைத்திருந்தார்கள். 2023 சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அரசு கையில் மருத்துவப் பதிவா என்று தயங்குபவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று ஒதுக்க முடியாது.

எச்ஐவி நிலைக்குத் தனிக் காவல் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதில் சொல்லப்பட்ட சில விலக்குகள் தவிர, உரியவரின் சம்மதமின்றி அதை வெளியிடக் கூடாது. மனநல சிகிச்சை விவரத்துக்கும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பு தருகிறது.

தெரியாமல் எண் உருவாகியிருந்தால், ஆபா இணையதளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய் அதைத் தற்காலிகமாக முடக்கலாம், நிரந்தரமாக நீக்கவும் செய்யலாம். நீக்கினாலும் மருத்துவமனையில் உள்ள உங்கள் கோப்பு அங்கேயே இருக்கும். அதன் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. அதற்கு ஆபா எண் தேவையில்லை, எழுத்தில் ஒரு விண்ணப்பம் போதும்.