அனிமேஷன்: மூச்சில் பிறந்த சொல்

அனிமேஷன் என்றால், அசையாத ஒன்றை அசைவது போலக் காட்டும் வேலை. காகிதத்தில் வரைந்தாலும் கணினியில் செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக மாறும் நிலைகளை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் கண் அதை அசைவாக எடுத்துக்கொள்ளும். அனிமேஷன் சினிமாவில் ஒரு நரி எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பதை இயக்குநர் முன்பே முடிவு செய்துவிடுவார். வீடியோ கேமில் அந்த உரிமை விளையாடுபவரின் விரலில் இருக்கிறது. அதனால் கேம் செய்யும் மாணவர்கள் நிற்பது, நடப்பது, ஓடுவது, தாவுவது என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டுத் தெரியாமல் கோக்க வேண்டியிருக்கிறது. பாதி உழைப்பு அப்படிக் கோப்பதில்தான் போகும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். ‘அனிமாரே’ என்றால் உயிர் கொடுத்தல். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே உயிரூட்டுதல் என்ற பொருளில் இது வழங்கியது. படங்களை அசையவைக்கும் தொழிலுக்குப் பெயரானது 20ஆம் நூற்றாண்டில். அனிமல் என்ற சொல்லும் இதே வீட்டுப் பிள்ளை: மூச்சுள்ளது எதுவோ அது அனிமல்.

இந்தக் குடும்பத்துக்கு நம் பக்கத்திலும் உறவு உண்டு. மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘அன்’ என்ற சமஸ்கிருத வேர் லத்தீன் அனிமாவோடு பிறந்தது. பிராணன் அதிலிருந்து வந்தது. பிராணன் உள்ளது பிராணி. ஆக, செல்லப்பிராணி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் அனிமலும் ஒரே மாதிரி யோசித்துப் பிறந்த ஒரே வேர்ச் சொற்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயங்குபடம், அசைபடம், உயிரூட்டம், அசைவூட்டம் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் இரண்டும் முடிந்த படத்துக்குப் பெயர். செய்யும் வேலைக்குப் பொருந்தாது. கேமில் ‘படம்’ என்று தனியாக ஒன்று இல்லை என்பது இன்னொரு சிக்கல். உயிரூட்டம் வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது. பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. ஆனால் நல்ல நடிகர் பாத்திரத்துக்கு உயிரூட்டினார் என்றும், நின்றுபோன திட்டத்துக்கு உயிரூட்டினார்கள் என்றும் எழுதி எழுதி அந்தச் சொல்லைப் பொதுவாக்கிவிட்டோம். தொழிற்பெயராக அது இனி நிற்காது.

மிஞ்சுவது அசைவூட்டம். கணினிப் பாடநூல்களிலும் இடம் பிடித்துவிட்டது. முதன்முறை கேட்பவர் அசைவச் சாப்பாட்டு ஞாபகத்தில் சிரிக்கலாம். சிரிக்கட்டும், அந்தப் பொருளில் சேர்த்தால் ‘அசைவவூட்டம்’ என்றுதான் வரும்.

உயிர்ப்பு என்ற சொல்லை மட்டும் விட எனக்கு மனமில்லை. யாரும் பொத்தானை அழுத்தாதபோது பாத்திரம் சும்மா நிற்குமே, அதை ஐடில் என்கிறார்கள். அகராதியைப் பார்த்து ‘சோம்பல்’ என்று எழுதிவிடக் கூடாது. அங்கே நடப்பதே மூச்சுதான்: விலாப்பக்கம் லேசாக ஏறி இறங்கும், காது ஒருமுறை துடிக்கும், வால் நுனி ஆடும். மாடாக இருந்தால் அசைபோடும். அப்போது கீழ்த்தாடை பக்கவாட்டிலும் அரைத்துக்கொண்டு போக வேண்டும். வெறுமனே மேலும் கீழும் திறந்து மூடினால் மாடு பேசுவது போல் இருக்கும். இந்தத் துண்டுக்கு ‘உயிர்ப்பு’ என்றே பெயர் வைக்கலாம்.

விலங்கு என்ற நம் சொல்லுக்குள்ளும் அசைவூட்டுபவருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. விலங்குதல் என்றால் குறுக்காதல். மனிதனைப் போல நிமிர்ந்து நிற்காமல் உடல் கிடையாக அமைந்தது விலங்கு. ரிக் என்று சொல்லும் எலும்புச் சட்டகத்தைக் கட்டும்போது இதுதான் முதல் பாடம். மனிதச் சட்டகத்தைக் குனியவைத்து நாயாக்க முடியாது. கிடையான முதுகெலும்பில் தொடங்கி, தோளையும் இடுப்பையும் அதில் தொங்கவிட வேண்டும். பின்காலில் முழங்கால் பின்னோக்கி மடிவது போலத் தெரிவது உண்மையில் குதிகால். நாய் விரல்களில் நடக்கிறது. குதிகால் தரையைத் தொடாமல் மேலே நிற்கிறது. முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இது தெரியாமல் செய்த நாய், வேஷம் கட்டிய மனிதன் தவழ்வது போலத்தான் நடக்கும்.

ஒரு முறை நான்கு காலும் எடுத்துவைப்பதைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டை வாக் சைக்கிள் என்கிறார்கள். அதை நடைச் சுழற்சி எனலாம். நாயின் நடையில் பாதம் விழும் வரிசை: பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. வேகம் கூடித் துள்ளுநடைக்கு வந்தால் மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து போகும். ஒட்டகமோ ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்தே எடுத்துவைக்கும். ஓட்டத்தில் கண்ணை நம்பவே முடியாது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணம், ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது வரவில்லை. வயிற்றடியில் கூடியிருக்கும்போது வந்தது.

இப்படி நடைக்கு நடை மாறும் வகையைக் குறிக்கப் புதிதாகச் சொல் தேட வேண்டாம். கதி இருக்கிறது. குதிரைக்கு மல்லகதி, மயூரகதி, வானரகதி, வியாக்கிரகதி, இடபகதி என்று ஐந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். மயிலும் குரங்கும் புலியும் காளையும் குதிரையின் காலுக்குள் வந்துவிட்டன. திட்டக் கோப்பில் ‘நரி, நடைக்கதி’, ‘நரி, ஓட்டக்கதி’ என்று பெயரிட்டால் குழுவில் யாருக்கும் குழப்பம் வராது. யானை மட்டும் பட்டியலில் தனி. எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலையும் ஒரே நேரத்தில் அது தரையிலிருந்து எடுப்பதில்லை. அதற்குப் பாய்ச்சல் துண்டு செய்ய வேண்டியதே இல்லை.