துப்பாக்கி உரிமம்: உரிமையா, இசைவா?

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் மாவட்ட நிர்வாகங்கள் வெளியிடும் முதல் அறிவிப்புகளுள் ஒன்று, உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வைத்திருப்போர் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதாகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் துப்பாக்கியை, மலையாள வழக்கை ஒட்டி, ‘தோக்கு’ என்பார்கள். ‘லைசென்ஸ் உள்ள தோக்கை எதற்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்?’ என்று அங்கே ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருப்பதாகவே முதலில் தோன்றும். உரிமம் என்ற சொல்லே அப்படித் தோன்றச் செய்கிறது. உரிமையின் பெயரால் தரப்பட்ட ஒன்றை ஓர் அறிவிப்பினால் எப்படித் திரும்பக் கேட்கலாம் என்ற ஐயத்துக்கு விடை காண, அச்சொல்லின் பிறப்பையும் சட்டம் அதற்குத் தந்திருக்கும் பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘உரி’ என்பது தமிழின் பழைய வேர்களுள் ஒன்று. உரிய, உரித்து, உரியவர், உரிமை ஆகியவை அதன் கிளைகள். ‘மை’ என்னும் ஈறு பண்பைக் குறிக்கும். அந்த ஈற்றை ‘மம்’ என மாற்றிப் பண்பையுடைய பொருளுக்குப் பெயரிடுவது தற்காலக் கலைச்சொல்லாக்கத்தில் பரவலாகக் கையாளப்படும் முறை. திண்மையுடையது திண்மம், நீர்மையுடையது நீர்மம் என்று பள்ளி அறிவியல் நூல்களில் படித்தவர்களுக்கு இது விளங்கும். உரிமம் இதே வாய்பாட்டில் அமைந்த சொல். ஆகவே அதன் சொற்பொருள், உரிமை கைப்பொருளாக உருக்கொண்டது என்பதாகும். சொல்லாக்கம் என்ற அளவில் இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் திண்மை இல்லாத திண்மம் இருக்க முடியாது. உரிமை இல்லாத உரிமம் இருக்க முடியுமா என்பதே துப்பாக்கி விஷயத்தில் எழும் சிக்கல்.

ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த ‘லைசென்ஸ்’ என்ற சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் வேர், ‘தடையின்றி விடப்பட்டிருத்தல்’ என்று பொருள்படும் ‘லிக்கேரே’ என்ற இலத்தீன் வினை. அதிலிருந்து பிறந்த ‘லிக்கென்டியா’ என்ற பெயர்ச்சொல் விடுப்பையும் இசைவையும் குறித்தது. எல்லை மீறிய போக்கையும் குறித்தது. யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்ததால் கிடைத்த சுதந்திரம் என்பதே அதன் உட்பொருள். விட்டவர் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் அதற்குள் அடக்கம்.

இலங்கைத் தமிழர் இதை ‘அனுமதிப்பத்திரம்’ என்கின்றனர். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். மலையாளத்திலும் உரிமைக்குச் சொல் ‘அவகாசம்’, இதற்குச் சொல் ‘அனுமதிபத்திரம்’. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளின் கீழ் இருந்ததால், அவகாசம் என்றால் உரிமை, அவகாசி என்றால் உரியவர் என்ற பொருள் இப்பகுதியின் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குப் பழக்கமானது. நெல்லைக்காரர் அச்சொல்லைக் கேட்டால் ‘நேரம்’ என்றே புரிந்துகொள்வார். அது வேறு கதை. அனுமதியும் அவகாசமும் வடமொழிச் சொற்கள் என்பதால் அவற்றைத் தவிர்த்து உரிமத்தை ஏற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுத் தமிழுக்குத் தூய்மை கிடைத்தது; அந்த வேறுபாடு மங்கிப்போயிற்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், அதன் 3 ஆம் பிரிவின்படி, உரிமமின்றி எவரும் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது. மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் ஆட்சியர்; விண்ணப்பம் வந்ததும் அருகிலுள்ள காவல் நிலையத்தின் பொறுப்பு அலுவலரிடமிருந்து அவர் அறிக்கை பெற வேண்டும். தக்க காரணம் இருப்பதாக நிறைவடைந்தால் மட்டுமே அவர் வழங்குவார் என்பது பொது விதி. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவையென்று கருதினால் 17 ஆம் பிரிவின்படி அவரே அதை நிறுத்திவைக்கவும் நீக்கவும் முடியும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன; உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது.

இவற்றுள் உரிமையின் சாயல் தெரியும் இடங்கள் சில உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குடிமகன் ஒருவர் உண்மையான தேவையோடு கேட்டால், 13 ஆம் பிரிவு ‘வழங்கலாம்’ என்று சொல்லாமல் ‘வழங்க வேண்டும்’ என்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான துப்பாக்கிக்கும் இதே நிலைதான். மறுப்பதற்குச் சட்டம் குறிப்பிடும் காரணங்கள் இருந்தால் மறுக்கலாம் என்றாலும், போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று 14 ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. பேச்சிப்பாறைப் பக்கத்திலும் கீரிப்பாறைப் பக்கத்திலும் காட்டுப்பன்றி கிண்டிப்போட்ட மரச்சீனித் தோட்டத்தைப் பார்த்து நிற்கும் சிறு விவசாயிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் விலங்கைச் சுடுவதற்கான உரிமம் ஆகாது. அதற்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு இந்த உரிமமே தேவையில்லை என்ற விலக்கு நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதையும் சொல்லிவைக்கலாம். அதுவும் மைய அரசின் அறிவிக்கையால் கிடைத்த விலக்கேயன்றி, அரசமைப்பு தந்த உரிமை அல்ல.

ஆயுதம் தாங்குவது உரிமையாக வேண்டும் என்ற கருத்து இந்தியாவில் எழாமல் இல்லை. ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரைக் கட்டுப்படுத்திய 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான கசப்பு காங்கிரசில் ஆழமாக இருந்தது. 1931 இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்பதும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய அவையில் எச்.வி. காமத் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தார். அவை அதை ஏற்கவில்லை. ஏற்காததோடு, கூட்டம் கூடும் உரிமையைத் தரும் 19 ஆம் உறுப்பிலேயே ‘ஆயுதமின்றி’ என்ற நிபந்தனை நிலைத்துவிட்டது. சீக்கியர் கிர்ப்பான் என்னும் குறுவாளை அணிவதை 25 ஆம் உறுப்பின் விளக்கம் சமய உரிமையில் அடக்குவது தனி. அமெரிக்காவைப் போல ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை இங்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 இலும் எடுத்துச்சொன்னது.

ஒப்பிட்டுப் பார்த்தால் உரிமம் என்ற சொல் முழுப் பொருளோடு பொருந்துவது அமெரிக்காவுக்குத்தான். ஆயுதம் தாங்கும் உரிமையைச் சொல்லும் அந்நாட்டு அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791 இலிருந்து நடப்பில் உள்ளது. அது தனிமனித உரிமையே என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. பொதுவெளியில் துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புவோர் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநில விதியை 2022 இல் அதே நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நம் சட்டத்தின் பொது விதிக்கு அடிப்படையாக இருப்பதே அந்தத் ‘தக்க காரணம்’ தான். அங்கே தனிமனித உரிமையை வற்புறுத்துவோர் எடுத்துக்காட்டும் இன்னொரு தீர்ப்பு 2005 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கணவனுக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்த பெண்ணொருத்தி பலமுறை அழைத்தும் காவல்துறை செயல்படாததால் அவளுடைய மூன்று மகள்களும் கொல்லப்பட்ட வழக்கில், அந்த ஆணையைக் காவலர் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கோர அவளுக்கு அரசமைப்பு வழி உரிமை இல்லை என்றது நீதிமன்றம். காக்கும் கடமை அரசுக்குக் கட்டாயமில்லை என்றால் துப்பாக்கியாவது எங்கள் கையில் இருக்கட்டும் என்ற வாதத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அதே பொருத்தத்தை நம் நாட்டுக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஆயுதத்தைக் குடிமகனிடமிருந்து விலக்கிவைத்த அரசு காக்கும் கடமையைத் தன்மீது ஏற்றிக்கொண்டது என்றும், அக்கடமைக்குக் கணக்குச் சொல்லவும் அது கட்டுப்பட்டது என்றும் ஆகிறது. தற்காப்புரிமை இங்கு உண்மையாகவே உரிமைதான். ஆயினும் பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை என்கிறது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37 ஆம் பிரிவு. நாடினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வரி நிற்கிறது.

காவலர் கையிலுள்ள துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது என்பதும் சொல் விளக்கத்துக்கு வெளியே விட்டுவிடக்கூடியதன்று. பொது ஊழியர் தம் கடமையின் பொருட்டு வைத்திருக்கும் படைக்கலத்துக்குப் படைக்கலச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பிறருடைய உரிமத்துக்கு அறிக்கை தருபவர் உரிமமின்றியே ஏந்துகிறார் என்றால், அவரைக் கட்டுப்படுத்துவது பொறுப்புடைமை ஒன்றே. ஈழத்தில் அதைப் ‘பொறுப்புக்கூறல்’ என்பார்கள். கூறுதல் என்ற வினை உள்ளே இருப்பதால் அது எனக்கு இன்னும் பிடித்த சொல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் இருந்த பழைய ஊர்க்காவல் முறையில், களவுபோன பொருளை மீட்டுத்தராத காவல்காரர் அதன் மதிப்பை ஈடுகட்டக் கடமைப்பட்டவர். களவுபோன மாட்டுக்குத் துப்புச் சொல்லப் பெற்ற ‘துப்புக்கூலி’ பின்னாளில் மிரட்டிப் பறிப்பதாகவும் சீரழிந்தது என்பதால் அம்முறையை ஏற்றிப் பாட வேண்டியதில்லை.

துப்பு என்றதும் சிலர் துப்பாக்கியைத் துப்பு+ஆக்கி என்று பிரித்து, ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளையும் சான்றுக்கு இழுப்பதுண்டு. குறள் சொல்வது உணவை. வெடிக்கும் துப்பாக்கி துருக்கியின் ‘துபக்’ வழியாக வந்தது, தோக்கும் அதன் உறவே. அதற்குத் தூய தமிழில் துமுக்கி, சுடுகலன் ஆகியவை ஆக்கப்பட்டுள்ளன. ஆயுதத்துக்கோ பழஞ்சொல்லே உண்டு: ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்ற இடத்தில் படை என்பது கருவியே. படைக்கலம் அதன் வழிவந்தது.

கன்னியாகுமரி மாவட்டம் காவல்துறையின் துப்பாக்கியை வரலாறாகவே அறிந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த்தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார், அரசு விலகவில்லை. மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூனில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க ஆணையிட்டது. ஒரே ஆண்டின் இவ்விரு நிகழ்வுகளுள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இப்பொருளைப் பேசுவோரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

சொற்களைப் பொறுத்தவரை, ஓட்டுநர் உரிமம், வணிக உரிமம் என்றெல்லாம் வேரூன்றிவிட்டதை மாற்றச் சொல்வது வீண்வேலை. படைக்கலத்துக்கு மட்டும், பொருளில் நெருக்கமானது ‘படைக்கல இசைவு’. கையில் தரப்படும் தாள் ‘இசைவுச் சீட்டு’. இசைதல் இரு தரப்பும் ஒத்துவருவதைக் குறிப்பதால், இசைந்தவர் விலகிக்கொள்ளவும் கூடும் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. அமெரிக்கச் செய்திகளில் ‘ஆயுதம் தாங்கும் உரிமை’ என்றே எழுதலாம், அங்கே அது உரிமைதான். நம் ஊர்ச் செய்தியில் ‘துப்பாக்கி உரிமை மறுப்பு’ என்று தலைப்பிடுவது தவறு. ‘உரிமம் மறுப்பு’ அல்லது ‘இசைவு மறுப்பு’ என்பதே சரி. அவ்வாறு மறுக்கப்பட்டவர் கேட்டால், பொதுநலனுக்கு ஊறு நேரும் என்று கருதப்படும் நிலை தவிர, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்குப் படைக்கலச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு வழிசெய்கிறது.

காவலர்மீது புகார் சொல்ல மாவட்டத்தில் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 இல் பணித்தது. தமிழ்நாடு 2013 இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் அத்தலைமையை ஆட்சியரிடம் கொடுத்து, காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராக்கியது. எனவே நாகர்கோவிலில் படைக்கல இசைவு கேட்டுச் செல்பவரும், இசைவு தேவையில்லாத படைக்கலத்தை ஏந்தியவர்மீது முறையிடச் செல்பவரும் ஏறி நிற்பது ஒரே ஆட்சியர் அலுவலகத்தின் படிகளில்தான்.