கேட்டைக்குப் பக்கத்தில் ஆறும் தணல்

ஆனி மாதம், இரவு 10 மணிபோல, கரண்ட் நின்ற நேரமாகப் பார்த்து முற்றத்தில் இறங்கித் தெற்கே நிமிர்ந்து பாருங்கள். விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக நிற்பது கேட்டை. பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கியாவது அதற்குச் சற்று வலப்பக்கம் திருப்பினால், இலவம்பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல மங்கலாக ஒன்று அகப்படும். அதுதான் எம்4, சுமார் 6000 ஒளியாண்டு தூரத்தில் விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கும் கோளகக் கொத்து.

அதற்குள் எரிந்து முடிந்த மீன்களும் ஏராளம். சூரியன் மாதிரி ஒரு மீன் எரிபொருள் தீர்ந்ததும் வெளிப்புறத்தைக் கழற்றிவிட்டு நடுக்கருவை மட்டும் மிச்சம் வைக்கும். பருமனில் பூமியளவு, நிறையில் சூரியனில் பாதிக்கு மேல், ஒரு தேக்கரண்டி அள்ளினால் தொன் கணக்கில் இருக்கும். இதுதான் வெண்குறுமீன்.

அம்மம்மா வீட்டில் சிரட்டைக்கரி போட்டு மினுக்கும் ஸ்திரிக்கைப்பெட்டி இருந்தது. மினுக்கி முடித்து மூடியைத் திறந்தால் கரி சிவந்து கிடக்கும், பிறகு மெல்லச் சாம்பல் பூக்கும், பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தே நெருப்புப் போட்டு எவ்வளவு நேரம் என்று அம்மம்மா சொல்லிவிடுவார். வெண்குறுமீனும் பெரும்பாலும் காபனும் ஒட்சிசனும்தான், புதிதாக எதுவும் எரியாமல் சும்மா ஆறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆறியது என்று தெரிந்தால் வயசு தெரியும்.

தனியாகத் திரியும் ஒன்று மங்கலாகத் தெரிந்தால், ஆறியதாலா தூரத்தாலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கொத்தில் அந்தச் சிக்கல் இல்லை, எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம், ஒரே காலத்தில் பிறந்தவை. பெரிய மீன்கள் சில கோடி ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிடுவதால் அவற்றின் தணல் கொத்தின் வயசளவு காலம் ஆறியிருக்கும். 2001இல் ஹபிள் தொலைநோக்கி 67 நாட்களுக்குள் மொத்தம் 8 நாள் எம்4ஐ உற்றுப் பார்த்தபோது, வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி மங்கல் மீனின் ஒளியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லாதவை அகப்பட்டன. கணக்குப் போட்டதில் கொத்தின் வயசு 1200 முதல் 1300 கோடி ஆண்டு!

சரி, அந்த நெருக்கத்தில் இவை இருந்த இடத்திலேயே இருக்குமா? போளை அடித்தவர்களுக்குத் தெரியும், பெரிய போளை மோதினால் சின்னது தெறித்து ஓடும். மீன்கள் நேரே முட்டுவது மிக அரிது, ஆனால் ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் வேகத்தை மாற்றி மாற்றி, பாரமானவை நடுவுக்கு இறங்க இலேசானவை வெளியே போகும். 47 டுகானே என்றொரு கொத்து, நமக்குத் தென் அடிவானத்தை ஒட்டியே எழும், பனங்கூடல் இருந்தால் மறைத்துவிடும். அங்கே சாகும்போது 40 வீத நிறையை இழந்து இலேசான மீன்களில், வெண்குறுமீனாகி 60 லட்சம் ஆண்டு ஆனவை இப்போதுதான் நடுவிலிருந்து கிளம்ப, 10 கோடி ஆண்டு ஆனவை ஒன்றரை ஒளியாண்டு தள்ளிக் குடியேறிவிட்டதை 2015இல் கண்டார்கள்.